மெட்ரோ சிமுலேட்டரில் வரைபடத்தில் இல்லாத தடங்கள்: இணைப்புத் தடம் பற்றி ஓர் அறிமுகம்

மெட்ரோ சிமுலேட்டர், அதாவது மெட்ரோ ரயில் ஓட்டும் கணினி விளையாட்டு, ஆட ஆரம்பித்த புதிதில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். சிவப்பு லைனில் ஓட்டிக்கொண்டு போகிறோம், ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலது பக்கமாக ஒற்றைத் தண்டவாளம் ஒன்று பிரிந்து இருட்டுக்குள் வளைந்து போகிறது. அது எங்கே போகிறது? லைன் வரைபடத்தில் அப்படி எதையுமே காணோமே?

அது பெரும்பாலும் பக்கத்து லைனுக்குத்தான் போகும். இணைப்புத் தடம் என்று சொல்லலாம், சிலர் சர்வீஸ் லைன் என்பார்கள். ஒரு லைனின் தண்டவாளத்தை இன்னொரு லைனின் தண்டவாளத்தோடு சேர்க்கும், ஆனால் அதில் பயணிகள் ஏற மாட்டார்கள். காலி ரயில், பராமரிப்பு வண்டி, புதிதாக வந்த பெட்டிகள், இவைதான் அதில் போகும். ஸ்டேஷனில் தொங்கும் வரைபடம் பயணிகளுக்காக வரைந்தது, அவர்கள் எங்கே இறங்கி எங்கே மாறி ஏறவேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். ரயில் எப்படி லைன் மாறுகிறது என்பதற்கு வேறு வரைபடம் இருக்கிறது. சிமுலேட்டரில் சுவாரசியமே அந்த இரண்டாவது வரைபடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ரயில் எதற்கு லைன் மாறவேண்டும்? முதல் காரணம் பணிமனை. தினமும் ரயிலை நிறுத்திவைத்துக் கழுவி, சின்னச் சின்னப் பழுது பார்க்கும் டிப்போ பெரும்பாலும் ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கி, சக்கரத்தையும் மோட்டாரையும் கழற்றிப் பிரித்து மேய்கிற பெரிய பணிமனையை லைனுக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்குச் செலவும் அதிகம், நிலமும் அதிகம். அதனால் ஒரே பணிமனையைப் பல லைன்கள் பகிர்ந்துகொள்ளும். டோக்கியோவில் நம்போக்கு லைன் ரயில் ஒன்று பெரிய பராமரிப்புக்குப் போவதைப் பாருங்கள்: இச்சிகாயா பக்கம் உள்ள இணைப்பு வழியாக யூரக்குச்சோ லைனுக்கு வரும், அங்கிருந்து சக்குரதாமோன் ஸ்டேஷனுக்கும் கசுமிகசேக்கி ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள இன்னொரு இணைப்பில் நுழைந்து சியோதா லைனுக்குப் போகும், அப்புறம் அந்த லைனின் கோடியில் இருக்கும் அயாசே பணிமனையைச் சேரும். மூன்று லைன், இரண்டு இணைப்புத் தடம். பயணியாகப் போனால் இரண்டு இடத்தில் படியேறி இறங்கி மாறவேண்டிய வழியில் ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்காமலே போய்விடுகிறது.

மற்ற காரணங்களும் இருக்கின்றன. புதுப் பெட்டிகள் நாட்டின் பொது ரயில் பாதையிலிருந்து மெட்ரோவுக்குள் நுழைய ஒன்றிரண்டு இடங்கள்தான் இருக்கும், அங்கிருந்து மற்ற லைன்களுக்குப் போய்ச் சேர இணைப்பு வேண்டும். இரவில் தண்டவாளம் தேய்க்கும் வண்டி, சுரங்கம் கழுவும் வண்டி எல்லாம் லைனுக்கு ஒன்று என்று வாங்கிவைப்பதில்லை, அவையும் இதே வழியில்தான் சுற்றிவரும்.

சில இணைப்புகள் பணிமனைக்காகக் கட்டியவையே அல்ல, பழைய காலத்தின் மிச்சம். மாஸ்கோ மெட்ரோ 1935ல் திறந்தபோது அகோத்னி ரியாத் ஸ்டேஷனுக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்தது, பயணிகள் ரயிலே இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனது. 1938ல் ஒரு கிளையைத் தனி லைனாக்கினார்கள். அந்தப் பிரிவுத் தண்டவாளத்தை மட்டும் பிடுங்கவில்லை, அது இணைப்புத் தடமாக நின்றுவிட்டது. டொரண்டோவில் 1966ல் இதே மாதிரி ஒரு கதை. இரண்டு லைன்களையும் சேர்க்கும் முக்கோணச் சந்திப்பு ஒன்று கட்டி, ரயில்களை லைன் விட்டு லைன் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு லைனில் ரயில் தாமதமானால் அது மற்ற லைனையும் இழுத்துவிட்டது, ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சந்திப்பு இன்னும் காலி ரயில்கள் மாற உதவுகிறது, அதில் இருந்த கீழ்த்தள பே ஸ்டேஷன் சினிமா படப்பிடிப்புக்குப் பேர்போன இடமாகிவிட்டது. பாரிஸில் இன்னும் ஒரு படி மேலே: 3பிஸ், 7பிஸ் என்ற இரண்டு குட்டி லைன்களைச் சேர்க்கும் தடத்தில் அக்ஸோ என்று ஒரு ஸ்டேஷனைக் கட்டியே வைத்தார்கள், ஆனால் பயணிகள் உள்ளே வர வாசல் வைக்கவே இல்லை.

எல்லா லைனும் எல்லா லைனோடும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம். லண்டனில் 1898ல் திறந்த வாட்டர்லூ அண்ட் சிட்டி லைன் மற்ற எந்த லைனோடும் சேரவில்லை. பெட்டியை வெளியே எடுக்கவேண்டுமென்றால் கிரேன் வைத்துத் தெருவுக்குத் தூக்கித்தான் ஆகவேண்டும்.

தண்டவாளம் சேர்ந்திருந்தால் மட்டும் ரயில் போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. புதியவர்கள் அதிகம் தவறவிடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தண்டவாள அகலம், பெட்டியின் அகலம், மின்சாரம் வரும் விதம், சிக்னல், நான்கும் ஒத்துப்போகவேண்டும். டெல்லியில் சிவப்பு, மஞ்சள், நீல லைன்கள் அகலப்பாதை, பச்சையும் ஊதாவும் அதைவிடக் குறுகிய ஸ்டாண்டர்ட் கேஜ். அங்கே அகலமே வேறு என்பதால் பேச்சுக்கே இடமில்லை. நியூயார்க்கில் தண்டவாள அகலம் ஒன்றுதான், பெட்டிதான் வேறு: ஏ பிரிவு பெட்டிகள் சுமார் 2.67 மீட்டர் அகலம், பி பிரிவு சுமார் 3.05 மீட்டர். சின்னப் பெட்டி பெரிய சுரங்கத்தில் போகும், பெரிய பெட்டி சின்னச் சுரங்கத்தில் போனால் சுவரில் உரசும். 7ஆம் நம்பர் லைன் ஏ பிரிவு. அது மற்ற லைன்களோடு சேருவது குயின்ஸ்பரோ பிளாசாவில் மட்டும்தான், அதுவும் பி பிரிவு தடத்தோடு. அதனால் 7ஆம் நம்பர் ரயில்கள் பெரிய பராமரிப்புக்கு பி பிரிவுத் தடங்கள் வழியாகவே கோனி ஐலண்ட் பணிமனைக்குப் போகின்றன. வழியில் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், ஆனால் ஏற இறங்க ஆள் இல்லாததால் யாருக்கும் கவலை இல்லை.

பெர்லினிலும் இரண்டு அளவு. யூ1 முதல் யூ4 வரை 2.30 மீட்டர் பெட்டிகள், யூ5 முதல் யூ9 வரை 2.65 மீட்டர். அதோடு மூன்றாம் தண்டவாளத்திலிருந்து (பாதையின் ஓரமாக மின்சாரம் தருவதற்கென்றே ஓடும் தண்டவாளம் அது) மின்சாரம் எடுப்பதும் வேறு மாதிரி: சின்ன அளவில் மேலிருந்து தொடும், பெரிய அளவில் கீழிருந்து. 2010களின் பிற்பாதியில் பெட்டித் தட்டுப்பாடு வந்தபோது சின்ன அளவு ரயில்களை யூ5ல் ஓட்டினார்கள், அதற்காக மின்சாரம் எடுக்கும் பாகத்தை மாற்றி, இடைவெளியை மூடப் பெட்டியின் பக்கவாட்டில் பலகையும் அடித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டோக்கியோவின் ஒயெதோ லைன். அதன் ரயில்கள் லீனியர் மோட்டாரில், அதாவது சக்கரத்தைச் சுழற்றாமல் காந்த விசையால் ரயிலை நேராகத் தள்ளும் மோட்டாரில் ஓடுபவை, இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த உலோகத் தகடு இல்லாமல் நகராது. பராமரிப்புக்கு அவை அசக்குசா லைன் வழியாக மகோமே பணிமனைக்குப் போகவேண்டும், அசக்குசா லைனில் அந்தத் தகடு கிடையாது. என்ன செய்தார்கள்? 2006ல் ஷியோதோமே பக்கம் இணைப்புத் தடத்தைத் திறந்தபோது, இழுத்துப்போவதற்கென்றே இ5000 என்ற மின்சார இன்ஜினையும் வைத்துக்கொண்டார்கள். அதற்குச் சாதாரண மோட்டார், அது முன்னால் இழுக்க, ஒயெதோ ரயில் செத்த பாம்பு மாதிரி பின்னால் போகும். சிமுலேட்டரில் "இந்த ரயில் ஏன் பக்கத்து லைனில் நகரமாட்டேன் என்கிறது" என்று யாராவது கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

பெர்லின் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. யூ5க்கும் யூ8க்கும் நடுவே ஸ்ப்ரீ ஆற்றுக்கு அடியில் கட்டிய வைசன் சுரங்கம் இணைப்புத் தடமாகப் பயன்பட்டதுதான். நகரம் பிரிந்திருந்த காலத்தில் யூ5 கிழக்கு பெர்லினின் லைன், யூ8 மேற்கு பெர்லினின் லைன், ஆனால் யூ8 கிழக்குப் பகுதிக்கு அடியில் நிற்காமல் ஓடியது. அதாவது ஒரே ஒரு ஒற்றைத் தண்டவாளம் இரண்டு உலகங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 1980ல் கிழக்கு பெர்லின் மெட்ரோ ஊழியர் ஒருவர் குடும்பத்தோடு அதன் வழியாக நடந்துபோய், யூ8 ரயில் ஒன்றை நிறுத்தி ஏறி மேற்குப் பக்கம் தப்பித்துவிட்டார்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். இணைப்புத் தடத்தில் ஓட்டுவதற்கு முன் புரிந்துகொள்ளவேண்டிய ஒரே பெரிய விஷயம் திசை. இரண்டு லைன்கள் கூட்டல் குறி மாதிரி ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு அந்த நான்கு மூலைகளில் ஏதாவது ஒரு மூலையில்தான் இருக்கும். வடகிழக்கு மூலையில் இருந்தால் வடக்கிலிருந்து வந்து கிழக்கே திரும்புவது சுலபம். தெற்கிலிருந்து வரும் ரயில் அதே இணைப்பில் நுழையவேண்டுமானால் சந்திப்பைத் தாண்டி வடக்கே போய், நின்று, திரும்பி வரவேண்டும். மேற்கே போகவேண்டுமானால் அந்தப் பக்கம் போனபின் இன்னொரு முறை திரும்பவேண்டும். போதாததற்கு ஒவ்வொரு லைனிலும் போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு தடம் இருக்கிறது, இணைப்பு அதில் ஒன்றோடுதான் சேரும், மற்றதற்குப் போகப் பக்கத்தில் எங்காவது தடம் மாறும் கிராஸ்ஓவர் இருக்கிறதா என்று தேடவேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம். பல இடங்களில் இணைப்பு, ரயில் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கமாகப் பிரியும்படி கட்டியிருப்பார்கள். அதாவது நேராகப் போகும் ரயிலுக்கு அந்தப் பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடத்தில் ரயிலை ஒரு பக்கம் திருப்பிவிடும் நகரும் அமைப்பு) பின்னாலிருந்து வந்து சேருவது போல இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி: தினமும் நூற்றுக்கணக்கான ரயில்கள் வேகமாகத் தாண்டும் இடத்தில், தப்பான பக்கம் திரும்பிவிடக்கூடிய பாயிண்ட் ஒன்றை வைப்பது வீண் ஆபத்து. விலை என்னவென்றால், இணைப்புக்குள் போகவேண்டிய ரயில் பாயிண்டைத் தாண்டி நின்று பின்னோக்கித்தான் நுழையமுடியும். சிமுலேட்டரில் நுழைவழி தெரியாமல் பலர் முழிப்பது இங்கேதான். தடம் கண்ணுக்குத் தெரிகிறது, பாயிண்டும் இருக்கிறது, முன்னால் போனால் மட்டும் உள்ளே திரும்பமாட்டேன் என்கிறது.

ஓட்டும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். கடைசி ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கிவிட்டு, கதவை மூடி, பலகையில் சேவையில் இல்லை என்று மாற்றிவிடுங்கள். கட்டுப்பாட்டாளரிடம் வழி கேளுங்கள், பல பேர் சேர்ந்து ஆடும் சர்வரில் அது ஓர் ஆள், தனியாக ஆடினால் அதுவும் நீங்களே. வழி போட்டுவிட்டார்கள் என்றால் பாயிண்டைத் தாண்டிப் போய் நிற்கவேண்டும், முழு ரயிலும் தாண்டவேண்டும். 19 மீட்டர் பெட்டி எட்டு என்றால் ரயிலின் வால் உங்களுக்கு 150 மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது, கேபினில் உட்கார்ந்தபடி அது தாண்டிவிட்டதா என்று கண்ணால் பார்க்கமுடியாது. அதற்குத்தான் சுரங்கச் சுவரில் இத்தனை பெட்டிக்கு இங்கே நில் என்று பலகை வைத்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெட்டியின் ஒரு சக்கரம் பாயிண்டின் மேல் நின்றாலும் அது நகராது, கட்டுப்பாட்டாளர் கத்துவார். அப்புறம் கேபினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, ரயில் நீளத்துக்கு நடந்து மறுகோடிக்குப் போய் அந்தக் கேபினை உயிர்ப்பிக்கவேண்டும். இந்த நடையைச் சலிப்பு என்று சிலர் குறுக்குவழியில் தாண்டிவிடுகிறார்கள், செய்யாதீர்கள், பிரேக்கை மறுகேபினுக்கு மாற்றும் வரிசை கைக்குப் பழகுவது இதில்தான்.

இணைப்புக்குள் நுழைந்ததும் வேகத்தை மறந்துவிடுங்கள். வளைவு கூர்மையாக இருக்கும், சரிவும் அதிகமாக இருக்கும், ஏனென்றால் பயணிகளின் வசதியைப் பற்றி யோசிக்கவேண்டிய அவசியம் இல்லாத தடம் இது. ரயிலுக்குத் தண்டவாளம் வழியாக வேகம் சொல்லும் அமைப்பு இங்கே பல நேரம் இருக்காது. கேரிஸ் மோட் விளையாட்டுக்கான மெட்ரோஸ்ட்ராய் மாதிரி சோவியத் ரயில்களைக் கொண்ட சிமுலேட்டரில் அந்தச் சமிக்ஞை அறுந்ததும் ரயில் தானாகவே பிரேக் போட்டுவிடும், எச்சரிக்கைப் பெடலை மிதித்துப் பிடித்தபடி மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் ஊர்ந்து போகவேண்டும். ரயில் கெட்டுவிட்டது என்று பதறவேண்டாம், அது அப்படித்தான்.

மின்சாரத்திலும் ஒரு கண் வையுங்கள். ஒரு லைனின் மின்சாரமும் அடுத்த லைனின் மின்சாரமும் வேறுவேறு பகுதிகள், நடுவே மூன்றாம் தண்டவாளத்தில் இடைவெளி விட்டிருப்பார்கள். குட்டி ரயிலோடு, மின்சாரம் எடுக்கும் எல்லா ஷூவும் அந்த இடைவெளியில் இருக்கும்படி நின்றுவிட்டால் ரயில் செத்தது, தள்ள ஆள் வேண்டும். அதனால் அங்கே உருண்டுகொண்டே தாண்டுங்கள், நிற்காதீர்கள்.

கடைசியாக, அடுத்த லைனுக்குள் நுழைவது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் லைனில் நீங்கள் ஒற்றைத் தடத்திலிருந்து மெதுவாக வெளியே வந்தால் பின்னால் வரும் ரயில்கள் எல்லாம் வரிசையாக நிற்கும். நிஜ மெட்ரோவில் இந்த மாற்றங்களை முடிந்தவரை இரவிலோ கூட்டமில்லாத நேரத்திலோ வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். சர்வரிலும் நெரிசல் நேரத்தில் இணைப்பு வழி கேட்பவரை யாருக்கும் பிடிக்காது.

எந்த விளையாட்டில் இதெல்லாம் கிடைக்கும் என்றால், சமமாகக் கிடைக்காது. மினி மெட்ரோவில் ரயிலைக் கையால் தூக்கி வேறு லைனில் வைத்துவிடலாம், அங்கே இணைப்புத் தடம் என்ற கேள்வியே இல்லை. ஓபன்பிவிஇயின் பெரும்பாலான ரூட்கள் ஒற்றைப் பாதையாக எழுதப்பட்டவை, பிரியும் தடம் கண்ணாடி வழியாகத் தெரியும், அதில் போகமுடியாது. வேர்ல்ட் ஆஃப் சப்வேஸ் தொடரிலும் இது பெரும்பாலும் ஓரக்காட்சிதான். மெட்ரோஸ்ட்ராயிலும் ட்ரெயின்ஸிலும்தான் வரைபடம் செய்தவர் மனது வைத்தால் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம்.

நகரம் கட்டும் விளையாட்டுகளில் கதை வேறு, அங்கே இணைப்பைக் கட்டுவதே உங்கள் வேலை. சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்தில் மெட்ரோவுக்கு டிப்போ தேவைப்படவில்லை, லைன் போட்டால் ரயில் தானாக வந்துவிடும். இரண்டாம் பாகத்தில் சப்வே யார்டு, அதாவது மெட்ரோ டிப்போ, கட்டி, அதைத் தண்டவாளத்தால் லைனோடு சேர்க்கவேண்டும். இங்கே பலர் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு யார்டு கட்டி நிலத்தையும் பணத்தையும் கரைக்கிறார்கள். இரண்டு லைனுக்கு நடுவே ஓர் இணைப்பு போட்டால் ஒரே யார்டு இரண்டுக்கும் ரயில் அனுப்பும்.

எங்கே போடுவது? இரண்டு லைன்கள் சந்திக்கும் ஸ்டேஷனிலேயே போடவேண்டும் என்று கை துடிக்கும். வேண்டாம். அங்கே ஒரு லைன் இன்னொன்றுக்கு 20 மீட்டர் கீழே இருக்கலாம். 4 விழுக்காடு சரிவு என்று வைத்தாலும் 20 மீட்டர் ஏற 500 மீட்டர் நீளத் தடம் வேண்டும், வளைவையும் சேர்த்தால் இன்னும் நீளும். அதனால் இரண்டு லைனும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில், பக்கத்தில் பக்கத்தில் போகும் இடமாகப் பாருங்கள், ஸ்டேஷன் இல்லாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒற்றைத் தடம் போதும். இரட்டைத் தடம் போட்டுப் பாயிண்டுகளை அடுக்கினால் இரண்டு லைனிலும் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத் தாமதமாகும்.

இணைப்பு போட்டபின் கட்டாயம் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்த மாதிரி விளையாட்டுகளில் ரயில் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும், அதற்குத் தெரிவது தூரம் மட்டும்தான், இது பயணிகள் தடம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. இணைப்பு வழி குறுக்காக இருந்தால் பயணிகள் ரயிலே அதில் நுழைந்து, நடுவில் இரண்டு ஸ்டேஷனை விட்டுவிட்டு வேறு பக்கம் தலைகாட்டும். லைனில் வழிப்புள்ளி வைக்கும் வசதி இருந்தால் இணைப்புக்கு அப்பாலுள்ள நேர்த்தடத்தில் ஒன்றை வையுங்கள், ஒருவழிச் சிக்னல் இருந்தால் யார்டிலிருந்து வெளியே வரும் திசைக்கு ஒன்று, திரும்பும் திசைக்கு வேறு பாதை என்று பிரித்துவிடுங்கள். பிறகு விளையாட்டின் வேகத்தைக் குறைத்து, ஒரு ரயில் யார்டிலிருந்து கிளம்பி இரண்டாவது லைனின் முதல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்வரை பின்னாலேயே கேமராவை வைத்துப் பாருங்கள். எங்கேயாவது நின்று திரும்புகிறது என்றால் இணைப்பு தப்பான மூலையில் இருக்கிறது, இடித்துவிட்டுப் பக்கத்து மூலையில் போடுவதுதான் மலிவு.